முன்னாடி ஒரு எழுத்து

படம் முடியப்போகிறது என்பது கோதண்டபாணிக்கு முதலில் கால்களில்தான் தெரியும். கதாநாயகன் யாரை மன்னித்தான், கதாநாயகி யாரோடு போனாள் என்பதெல்லாம் அப்புறம். முழங்காலுக்குக் கீழே ஒரு குறுகுறுப்பு கிளம்பும், எழுந்திரு, எழுந்திரு என்று. முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த மனுஷனின் கால் வேறு எப்படி இருக்குமாம். இதோ வந்துவிட்டது. திரையில் ஒரு கிழவரும் ஒரு பையனும் கடற்கரையில் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் வயலின் இழைகிறது, அவ்வளவுதான், இன்னும் நாலு நிமிஷம், மிஞ்சிப்போனால் அஞ்சு. அவர் வலது முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உட்காரு. இன்றைக்கு மட்டும் எழுந்தாயோ, தெரியும் சேதி. அறுபத்தேழு வயசில் தன் காலையே மிரட்டிக்கொண்டு, திருச்சியில் ஒரு மத்தியானக் காட்சியில், ஏசி குளிருக்குத் துண்டைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, யாராவது தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நினைத்துவிட்டுப் போகட்டும். அவர் படம் பார்க்க வரவில்லை. படம் முடிந்த பிறகு கறுப்பில் வரிசை வரிசையாகப் பேர்கள் மேலே ஏறிப் போகுமே, ஜனங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலுக்கு முண்டுவார்களே, அந்தப் பேர்களைப் பார்க்க வந்திருக்கிறார். அதிலும் ஒரே ஒரு பேர். அவர் மகள் நித்திலாவின் பேர். படத்தை வெட்டி ஒட்டுகிற எடிட்டருக்கு அடுத்த ஆள் அவள். அந்தப் பேருக்கு முன்னாடி அவருடைய எழுத்து இருக்கிறதா, இல்லையா. அது தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம்.

வேதவல்லியிடம் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். "கண்ணுக்கா? சாப்பிட்ட கையோடவா?" என்று அவள் ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம், "சரி, போயிட்டு வாங்க. அவசரப்படாம நல்லா பார்த்துட்டு வாங்க" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருந்ததோ? இருந்தது. அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு கடுகு பொரிந்ததில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. நீயும் வாயேன் என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் எதுக்கு என்பாள். எதுக்கு என்று சொன்னால், அப்போ நீங்க அன்னிக்குச் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறீங்களா என்பாள். தப்புதான். ஆமாம்டி, தப்புதான். மனசுக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்ல முடிகிறது, வெற்றிலைபாக்கு வைத்துக்கூடச் சொல்ல முடிகிறது. வாயைத் திறந்தால் மட்டும் "காபி ஆறிப்போச்சு" என்று வருகிறது. கடற்கரையில் அந்தக் கிழவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பேசித் தொலையேன்யா. உன் பிள்ளைதானே அவன். உனக்கு என்ன கேடு. சர்க்கரைக்காரருக்கே உரிய அவஸ்தை வேறு அடிவயிற்றில் லேசாக ஆரம்பித்திருந்தது. இடைவேளையில் போய்விட்டு வந்தும் இப்படி. போகலாமா? போய்விட்டு ஓடி வந்துவிட்டால்? அந்த நேரத்தில் அவள் பேர் வந்து போய்விட்டால்? சில தியேட்டரில் பேர் ஓடுகிறபோதே பாதியில் நிறுத்திவிடுவார்களாம். விளக்கைப் போட்டுவிடுவார்களாம். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தில் அப்படி என்ன அவசரம் என்று இப்போது யாராவது கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சைக்கிள் ஸ்டாண்டு என்பார். தகர டோக்கனை நீட்டிக்கொண்டு நூறு பேர் முண்டுவார்கள், ஒரு சைக்கிளை உருவினால் பத்து சைக்கிள் சரியும், பெடல் பக்கத்துச் சைக்கிளின் கம்பியில் மாட்டிக்கொள்ளும், அந்த ரகளைக்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்பார். கூட்டம் கிளம்புகிறதற்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி நாம் கிளம்ப வேண்டும், இதுதான் அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே தத்துவம். கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து கோயில் திருவிழா வரைக்கும் இதுவேதான். வேதவல்லி இருட்டில் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டே, "இருங்க, தாலி ஏறட்டும்" என்பாள். "ஏறாம எங்கே போகும், நட" என்பார். அப்போதெல்லாம் பேர்களை முன்னாடியே போட்டுவிடுவார்கள், கடைசியில் வணக்கம் என்று இரண்டு கை கூப்பிக்கொண்டு வருமாம். அதை அவர் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதோடு சரி. குட்டி நித்திலா, ஏழு வயசு இருக்குமா, எட்டு இருக்குமா, அவருடைய சட்டை நுனியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வருவாள். முகம் மொத்தமும் திரையில் இருக்கும். திரையின் வெளிச்சம் அந்தக் கன்னத்தில் நீலமாக விழும், மஞ்சளாக விழும். படியில் எத்தனை தடவை இடறியிருக்கிறாள், ஒரு தடவைகூட அழுததில்லை, அழுதால் கண்ணைத் துடைக்க வேண்டும், துடைத்தால் ஒரு துண்டு படம் போய்விடும். வாசலில் காவல்காரர் சிவப்புத் திரைச்சீலையை விலக்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வெயில் பளீரென்று அடித்ததும் கையால் கண்ணை மூடிக்கொள்வாள். அடடா, அந்தக் கை. மருதாணி போட்ட அந்தச் சின்னக் கை.

சைக்கிளின் முன் பாரில் துண்டை மடித்துப் போட்டு அவளை உட்கார்த்தி, பின்னால் வேதவல்லியை ஏற்றிக்கொண்டு மிதித்தால், தெரு முனை தாண்டுவதற்குள் கேட்டுவிடுவாள். "அப்பா, அப்புறம் என்னாச்சு?" வீடு வந்து சேர்கிற வரைக்கும் மீதிக் கதையை அவர்தான் முடித்துவைப்பார். அவர் முடித்துவைத்த கதைகளில் ஒருத்தர்கூடச் செத்ததில்லை. வில்லன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடுவான், தொலைந்துபோன தங்கச்சி கும்பகோணத்தில் டீச்சராக இருப்பாள், ஓடிப்போன நாய் மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்துவிடும். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கூடக் கழற்றாமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அந்த மாமா செத்துப்போயிட்டாராம். எங்க கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க. நீங்க பொய் சொன்னீங்க." அவர் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம் சொன்னார்: "அவங்க பார்த்த தியேட்டர்ல செத்திருப்பான்ம்மா. நம்ம தியேட்டர்ல சாகல." நம்பினாள்! ஒரு வாரம் முழுக்க நம்பினாள். தெருவில் எல்லோரிடமும் எங்க தியேட்டர்ல சாகல, எங்க தியேட்டர்ல சாகல என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெரியவளாகி, இன்ஜினீயரிங் முடித்து, சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் ஒன்றரை வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அதை உதறிவிட்டு எடிட்டிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோது சிரித்துக்கொண்டே சொன்னாளே, "எனக்கு எந்தப் படத்தோட முடிவையும் நீங்க காட்டினதில்லையேப்பா. அதான் நானே போய் முடிச்சுக்கலாம்னு." அப்போதே சிரித்திருக்கலாம். சிரிக்கிற விஷயமாகத்தானே சொன்னாள். வெட்டறதுக்கும் ஒட்டறதுக்குமா இன்ஜினீயரிங் என்று கத்தினார். கத்தியது யார்? இந்த வாய்தான். கதையில் நாயைக்கூடச் சாகவிடாத இதே வாய்.

ஆனால் அது இல்லை. அந்தக் கத்தல் இல்லை. அதை அவள் தூசி மாதிரி தட்டிவிட்டுப் போய்விட்டாள். அது வேறு. நாலு வருஷத்துக்கு முன்னால் கரூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு. பொண்ணு என்ன பண்றா? எடிட்டிங். பத்திரிகையிலயா? இல்லை, சினிமாவுல. அவ்வளவுதான், டம்ளரில் காபி அப்படியே நின்றது, குடும்பத்தோட கலந்துக்கிட்டுச் சொல்றோம் என்று எழுந்து போனார்கள். போகட்டுமே! போன பீடைகள் போகட்டும் என்று அவளை உட்கார்த்திவைத்து ஒரு வாய் கேசரி ஊட்டியிருக்க வேண்டியவர், வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "என் இனிஷியலை உன் பேருக்கு முன்னாடி போட்டுக்கிட்டு சினிமாக்காரங்களோட திரியாதே. சொல்லிட்டேன்." அவள் டம்ளர்களை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அழுதாளா, இல்லை. நான் என்னப்பா தப்பு பண்ணேன் என்று கேட்டிருந்தால் இன்னும் நாலு கத்துக் கத்தியிருப்பார், கத்தினால் தீர்ந்திருக்கும், ராத்திரிக்குள் சமாதானம் ஆகியிருக்கும். சரிப்பா என்றால் அதை என்ன செய்ய? எங்கே பிடித்து ஏற? டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறந்த அன்றைக்கு, நித்திலா என்று பேர் வைப்பதற்கு முன்னாலேயே, பள்ளிக்கூடம் கல்லூரி எல்லாவற்றுக்கும் முன்னாலேயே அவளுக்கு என்று இருந்தது அந்த எழுத்து. வருகைப் பதிவில் கே. நித்திலா என்று கூப்பிட்டால், உள்ளேன் ஐயா என்று எழுந்து நிற்பாள். வாங்கிக் கொடுத்த பாவாடை கிழிந்துவிட்டது, சைக்கிள் துருப்பிடித்துவிட்டது, ஒரு அப்பன் கொடுத்ததில் தேயாதது அந்த ஒன்றுதான். அதைப் போய்த் திருப்பிக் கேட்டானே, இவனும் ஒரு மனுஷனா. அதற்கப்புறம் அவளும் தீபாவளிக்கு வருகிறாள், பொங்கலுக்கு வருகிறாள். ஒரே கூடத்தில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, மாத்திரை போட்டாச்சான்னு கேளு" என்பாள். "போட்டாச்சுன்னு சொல்லு" என்பார். நடுவில் வேதவல்லி உட்கார்ந்து, "நான் என்ன, உங்க ரெண்டு பேருக்கும் தந்தி ஆபீசா?" என்று முறைப்பாள்.

போன வியாழக்கிழமை வேதவல்லி அடுக்களையில் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு நித்திலாவோடு பேசியது இவருக்குக் கூடத்தில் கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை, கேட்டது. "அம்மா, நம்ம படம் திருச்சியிலயும் போடறாங்க. கடைசியில என் பேரு ஓடும்மா. ஆனா யாரு உக்காந்து பார்க்கப் போறா, எல்லாரும் எழுந்து ஓடிடுவாங்க." அந்த இடத்திலேயே இவருக்குச் சுருக்கென்றது. "அதுல என் பேரை எப்படிப் போட்டிருக்கேன்னு மட்டும் அப்பா பார்த்தாருன்னா..." பாழாய்ப்போன குக்கர் அந்த நேரம் பார்த்தா விசில் அடிக்க வேண்டும்! ஒன்று, இரண்டு, மூன்று. அது ஓய்ந்தபோது அம்மாவும் மகளும் முருங்கைக்காயில் இருந்தார்கள். பார்த்தாருன்னா? பார்த்தால் என்ன ஆகும்? நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரா? அந்த ஒன்றுதான் அஞ்சு நாளாகக் குடைகிறது. வெறும் நித்திலா என்று போட்டிருப்பாள். அதுதான் நியாயம். இல்லை, இப்போதெல்லாம் அம்மா எழுத்தைப் போட்டுக்கொள்கிறார்களே, வேதவல்லிக்கு வி, வி. நித்திலா என்று போட்டிருப்பாளோ? போட்டால் என்ன, பெற்றவள்தானே, பத்து மாதம் சுமந்தவள்தானே, தாராளமாகப் போடட்டும். ஐயோ, போட்டுவிடாதே கண்ணு. கே என்று ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி, அது போதும். அன்றைக்கு ஒரு கிறுக்கன் ஏதோ உளறினான் என்று விட்டுவிட்டிருக்கக் கூடாதா? என்னை மன்னித்திருக்கக் கூடாதா?

கடற்கரை கறுப்பாகிவிட்டது. அவர் கவனிக்கவே இல்லை, கிழவர் கடைசியில் பேசினாரா என்றுகூடத் தெரியவில்லை. பட்டென்று நாற்காலிகள் மடங்குகிற சத்தம், இங்கே, அங்கே, எல்லா இடத்திலும். போன் வெளிச்சங்கள். "வண்டி சாவி உங்கிட்டயா இருக்கு?" "சீக்கிரம் வா, லிஃப்ட்ல கூட்டம் சேர்ந்துடும்." கால் துடித்தது, அவர் விடவில்லை. திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் ஏற ஆரம்பித்தன. முன்னால் ஒரு ஜோடி நின்று செல்ஃபி எடுத்தது, அந்தப் பையனின் தலை சரியாக நடுவில். "தம்பி, கொஞ்சம் நகருப்பா." அவன் திரும்பி இவரை விசித்திரமாகப் பார்த்தான். நகர்ந்தான். எத்தனை பேர்! சமைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், துணி தேய்த்தவர்கள். அத்தனை பேரையும் இத்தனை வருஷம் முதுகைக் காட்டி அவமதித்திருக்கிறோமே என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது. வேகமாகப் போனது. அவர் டிப்போ வாசலில் நின்று பஸ் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். தூரத்தில் பஸ் திரும்பும்போதே முன்னாடி இருக்கிற நம்பரைப் பிடித்துவிடுவார், ஊர்ப் பேரை எல்லாம் படித்துக்கொண்டிருக்க மாட்டார், நம்பர் போதும். இங்கேயும் ஒவ்வொரு பேரின் முதல் எழுத்தை மட்டும் கண் கொத்திக்கொண்டு போனது. எஸ். இல்லை. எம். இல்லை. கே, கே வந்துவிட்டது, இல்லை, அது யாரோ கார்த்திக். "சார், கிளம்புங்க, கிளீன் பண்ணணும்" என்று பக்கவாட்டில் ஒரு குரல். "ஒரு நிமிஷம்ப்பா, ஒரே நிமிஷம்." எடிட்டர் பேர் வந்தது. அதற்குக் கீழே, இதோ, இதோ வந்துவிட்டது, நித்திலா. இங்கிலீஷ் 'என்'னில்தான் தொடங்கியது. முன்னாடி ஒன்றும் இல்லை. கறுப்பு. ஒரு புள்ளிகூட இல்லை. தலை தானாகக் குனிந்துகொண்டது. கண்ணாடிக்குள் ஈரம் கட்டிக்கொண்டது. அவர் நிமிர்ந்தபோது அது மேலே போய் மறைந்துவிட்டிருந்தது.

சொன்னதைத்தானே செய்திருக்கிறாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், வா என்றால் படத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். இப்போது எழுந்திருக்கலாம். வந்த வேலை முடிந்தது. விந்தையாக, கால் இப்போது எழுந்திருக்க மாட்டேன் என்றது. இரண்டு வரிசை முன்னால் ஒரு அம்மாள், நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும், பேர்கள் ஓடிய நேரம் முழுக்கத் திரைக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள், விளக்கு போட்டதும் கையை உதறிக்கொண்டு திரும்பினாள். அரங்கத்தில் அவளும் இவரும் மட்டும்தான். "உங்களுக்கு யாரு சார் இதுல?" என்று கேட்டாள். எடுத்த எடுப்பில் அதுதான் கேட்டாள். உட்கார்ந்திருக்கிறவருக்கு அதில் ஒருத்தர் இருந்தாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"மக" என்றார்.

"அட! பேர் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"உங்க முகத்தைப் பார்த்தா வராத மாதிரியில்ல இருக்கு." அவள் இறங்கி வந்துவிட்டாள். பேர் செல்வமேரியாம், பொன்மலையாம். "எங்க வீட்டுக்காரர் லைட் யூனிட்ல இருக்காரு சார். லூர்துசாமி. இத்தூண்டு எழுத்துல போகும், கண்ணைச் சிமிட்டினா போச்சு. அதான் போன்ல பிடிச்சு வெச்சுக்கறது. இதோட பதினேழு படம். அவருக்கு அனுப்பினா, உனக்கு வேற வேலை இல்லியாடிம்பாரு. ஆனா எல்லாத்தையும் வெச்சிருப்பாரு. மக பேர் என்ன சார்?"

"நித்திலா. விடும்மா, நான் பார்த்துட்டேன்."

அவள் விடவில்லை. விரலால் முன்னும் பின்னும் இழுத்தாள், நிறுத்தினாள், பெரிதாக்கினாள். "இந்தா, இருக்கு பாருங்க. நித்திலா கோதண்டபாணி. இவங்கதானே?" அந்தப் பேரை, ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவது மாதிரி, கூசாமல் சத்தமாகப் படித்தாள். அப்புறம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "கோதண்டபாணிங்கிறது அவங்க வீட்டுக்காரரா சார்?"

அவர் போனைக் கையில் வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முன்னாடி ஒன்றும் இல்லைதான். முன்னாடி போடாதே என்று சொன்னார், போடவில்லை. பின்னாடி போட்டிருக்கிறாள். முழுசாக. கே, ஓ, டி, ஏ என்று ஒவ்வொன்றாக எண்ணினார், பதினோரு எழுத்து, ஒன்றைக்கூடச் சுருக்கவில்லை, விழுங்கவில்லை. ஒரு எழுத்து போடாதே என்றதற்குப் பதினோரு எழுத்து. படவா ராஸ்கோல். அப்பன் முன்னாடியே பார்த்துவிட்டு எழுந்து போகிற ஆள் என்று தெரிந்துதான் பின்னாடி கொண்டுபோய் வைத்திருக்கிறது கழுதை. சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "என்ன சார், என்ன ஆச்சு?" என்று செல்வமேரி பதறினாள். "இல்லம்மா" என்றார். "வீட்டுக்காரர் இல்லை. அது நான்தான்."

வெளியே மாடிப்படி வளைவில், சுவரோரமாக நின்று நம்பரைப் போட்டார். நாலு வருஷமாகப் போனில் இருக்கிற நம்பர், ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"அம்மாவுக்கு என்னாச்சு?" குரலில் அத்தனை பயம். இவர் போன் செய்தால் வேறு எதற்காக இருக்கும் என்றுதானே நினைப்பாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லை. நல்லா இருக்கா. நான்தான்... நான் தியேட்டர்ல இருக்கேன்." "பேரைப் பார்த்தேன்ம்மா."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ அவளிடம் ஏதோ கேட்டார்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், நடுவில் யாரும் இல்லாமல், நேராக இவரிடம் கேட்டாள்.

"யார் பேரைப்பா?"

"ரெண்டு பேரையும்தான்" என்றார் கோதண்டபாணி. "சேர்ந்து இருந்தாங்க."